சேவலுக்கு நட்ட கல்

விளையாட்டுக்கும் எனக்கும் பூர்வ ஜன்ம விரோதம் என்றே சொல்ல வேண்டும். தோலால் செய்ததோ ரப்பரால் செய்ததோ, பந்து என்ற ஒன்றை ஒருவர் எறிய, ஒருவர் அடிக்க, வேறொருவர் அதன் பின்னால் வேர்த்து விறுவிறுத்து ஓட, இம்மூவரையும் சுற்றி உட்கார்ந்து பல்லாயிரம் ஜனங்கள் தொண்டை வறளக் கூவுவதனால் உலகத்துக்கு விளையும் பிரயோஜனம் யாது என்று, திருமணமாகித் திண்டிவனத்துக்கு வந்த நாள் தொட்டு என் கணவரைக் கேட்டு வருகிறேன். அவரும் அன்று தொட்டு, "இந்த ஓவர் முடியட்டும், சொல்கிறேன்" என்றே விடையளித்து வருகிறார். ஐந்து நாள் ஆடிய பிறகும் வெற்றி தோல்வியின்றி இரு கட்சியாரும் கைகுலுக்கிப் பிரிந்து போகும் ஆட்டமும் ஒன்று உண்டென்று அறிந்தபோது, இதற்கு எங்கள் பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினை வழக்கே மேலானது, அதிலாவது வக்கீல்களுக்கு ஜயம் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டேன்.

ஆட்டம் நடக்கும் நாட்களில் கூடம் அவருக்கு, திண்ணை எனக்கு என்பது எங்கள் வீட்டின் எழுதாத உடன்படிக்கை. திண்ணையில் உட்கார்ந்து நான் படிப்பவை பெரும்பாலும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் கோயில்களையும் கல்வெட்டுகளையும் பற்றியவை. 1993இல் கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் இரண்டாகி, 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் தனிக்குடித்தனம் போய்விட்ட அந்த ஜில்லாவில், படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கல்லுக்கு மட்டும் என்றும் பஞ்சமிருந்ததில்லை. "உனக்குக் கல், எனக்குப் பந்து, இரண்டும் நம் தலையில் விழாதவரைக்கும் க்ஷேமம்" என்பார் என் கணவர். கல்லின் பக்கம் ஒதுங்கிவிட்டால் விளையாட்டின் உபத்திரவம் பின்தொடராது என்பதே என் நம்பிக்கையாக இருந்தது. அதனைக் கெடுத்தது ஒரு சேவல்.

விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரம் என்னும் சிற்றூரில் கிடைத்த நடுகல் ஒன்று கல்வெட்டறிஞர்களிடையே மிகவும் பிரசித்தமானது. நடுகல் என்றவுடன் வில்லும் வாளும் ஏந்தி, விலாவில் அம்பு தைத்தும் முகம் வாடாமல் நிற்கும் வீரனொருவனைத்தான் நம் மனம் எதிர்பார்க்கும். ஆனால் அரசலாபுரத்துக் கல்லில் மனித உருவமே கிடையாது. அதில் இருப்பது சேவல் ஒன்றின் புடைப்புருவமும், பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த பருவத்து எழுத்துகளில் பொறித்த சிறு வாசகமுமே. முகையூரின் மேற்சேரிக்காகப் பொருது மாண்ட கோழி இது என்பது அவ்வாசகத்தின் சாரம். காலம் ஏறக்குறைய கி.பி. 5ஆம் நூற்றாண்டு. ஊரின் பெயர் இருக்கிறது, ஊரில் எந்தப் பகுதி என்பது இருக்கிறது, மாண்டது கோழி என்பதும் இருக்கிறது. அதனை வளர்த்தவன் பெயரோ, கல்லுக்குப் பொருள் கொடுத்தவன் பெயரோ, ஊர்த் தலைவன் பெயரோ இல்லை. ஒரு குடிநீர்த் தொட்டிக்கு வைக்கும் கல்லில் அமைச்சர் முதல் வார்டு உறுப்பினர் வரை அத்தனை பேருடைய நாமதேயமும் பொறித்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிடும் நம் காலத்தவருக்கு இந்த அடக்கம் சற்று விசித்திரமாகவே தோன்றும்.

இது தனிக்கல்லும் அன்று. வடக்கே செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள இந்தளூரில் அதே காலத்ததான மற்றொரு கோழிக்கல் கிடைத்திருக்கிறது. அங்கே மாண்டது கீழ்ச்சேரிக் கோழி, அதற்குப் பொற்கொற்றி என்ற பெயரும் இருந்ததாகப் படித்திருக்கிறார்கள். ஆக, ஊரை மேற்காகவும் கிழக்காகவும் பிரித்துக்கொண்டு, பக்கத்துக்கொரு சேவலை ஊட்டி வளர்த்து, குறித்த நாளில் களத்தில் இறக்கி, தத்தம் பக்கத்து மானத்தை அந்தப் பறவையின் கால்முள்ளில் கட்டிவைக்கும் வழக்கம் இந்நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகவேனும் இருந்து வந்திருக்கிறது. நான் இதனைப் படித்துக் காட்டியபோது என் கணவர் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. "அப்போதே லீக் ஆட்டம் நடந்திருக்கிறது பார்! இதையல்லவா பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும்?" என்றார். மேற்சேரி என்றும் கீழ்ச்சேரி என்றும் ஒன்று உண்டென்பது அந்தச் சேவலுக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். இப்போது ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரிகிறதா, ஏலத்தில் எடுத்தவர்களுக்காகத்தானே ஆடுகிறார்கள் என்று அவர் விடை சொன்னார். அவர் தர்க்கத்தில் என்னை வென்ற சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

சேவற்போர் தமிழகத்தில் எளிய விஷயமாக இருந்ததில்லை. யானையைச் சேவலொன்று பொருது வென்ற இடமாதலால் உறையூருக்குக் கோழி என்றே பெயர் வந்ததாகக் கதை உண்டு. சேவல்களை நிறத்தால் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று வகுத்து, வளர்பிறையில் எந்த நிறத்துக்கு எந்த ஜாமத்தில் பலம், தேய்பிறையில் எதற்கு க்ஷீணம் என்று பஞ்சபட்சி சாஸ்திரத்தைத் துணைகொண்டு கணிப்பார்கள். காலில் கத்தி கட்டிவிடுவது ஒருவகை, கட்டாமல் விடுவது மற்றொருவகை. கட்டுத்துறையில் ஒரு நியதி மட்டும் எங்கும் பொதுவானது: தோற்று மாண்ட சேவல் ஜயித்தவன் வீட்டு அடுப்புக்குப் போய்விடும். அந்த நியதியை அறிந்த பிறகுதான் அரசலாபுரத்துக் கல்லின் பெருமை எனக்கு விளங்கிற்று. மேற்சேரியார் குழம்பு வைத்தார்களோ இல்லையோ, கல் வைத்தார்கள்.

கல் வைப்பதும் லேசான காரியமன்று. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதல், அதனை நீரில் இட்டுத் தூய்மை செய்வது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியமே இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. மயிற்பீலி சூட்டி, கள் படைத்து நடுகல்லை வழிபட்ட செய்திகள் சங்க நூல்களில் பலவிடங்களில் வருகின்றன. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் இறந்தவர்களுக்கே அவை பெரும்பாலும் உரியன. மேற்கே தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லொன்றில், இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்லுகிறது. நாய்க்காவது எஜமான விசுவாசம் என்ற தர்ம நியாயம் உண்டு. சேவல் செத்தது சுத்தமாக விளையாட்டில். விளையாட்டில் போன உயிருக்கும் ஞாபகார்த்தம் வேண்டும் என்று ஓர் ஊர் முடிவு செய்திருக்கிறது என்பதே விளையாட்டை வெறுக்கும் எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம்.

எங்கள் பக்கத்துப் பூமியில் மரணத்தைக் கல்லில் எழுதும் சம்பிரதாயம் பலவகைப்பட்டது. திண்டிவனத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில் செஞ்சியை அடைந்தால், அருகே திருநாதர்குன்று என்ற பாறைக்குன்று இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை வரிசையாகச் செதுக்கிய பெரும்பாறை அங்கே உண்டு. அக்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஜைன ஆசிரியரின் நிசீதிகை, அதாவது அவர் நோன்பிருந்து மறைந்த இடத்தின் அடையாளம், மிகப் பழைய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 30 நாள் நோன்பிருந்த மற்றொருவருடைய கல்வெட்டும் அங்கேயே உண்டு. அந்தத் துறவிகளுடைய பிறப்போ குலமோ சாதனைகளோ கல்லில் இல்லை, நாட்கணக்கு இருக்கிறது. இதனை நான் மிகுந்த பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, ஐம்பத்தேழு என்ற எண் மாத்திரம் காதில் விழுந்த என் கணவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "யார், அவுட்டாகிவிட்டானா?" என்று கேட்டார். ஜைன தர்மம் அகிம்சையை வற்புறுத்துவது. ஆகையால் நான் பேசாமல் திண்ணைக்குப் போய்விட்டேன்.

செஞ்சியைப் பற்றிச் சொல்லும்போது தேசிங்குராஜனைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊரார் மன்னிக்க மாட்டார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட அந்த வாலிபனுடைய தேகம் எரிந்த இடம் என்று செட்டிகுளத்தங்கரையில் ஒரு மேடை காட்டுவார்கள். அவனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணின் நினைவாக, வென்ற நவாபே ராணிப்பேட்டையை அமைத்தான் என்பர். அதைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. மனைவியை எரிய விட்டு ஊர் கட்டுவதைவிட எரியாமல் தடுத்திருக்கலாம் என்பது அவற்றில் முதலாவது.

கல்லைவிட எனக்கு அதிகம் பிடித்தது விளக்கு. சோழர் காலத்துத் தென்னார்க்காட்டுக் கோயில் சுவர்களில் ஒருவகைத் தீர்ப்பு மீண்டும் மீண்டும் வரும். வேட்டைக்குப் போகிறவர்களில் ஒருவன் மிருகத்தின்மேல் குறிவைத்து எய்த அம்பு தவறிப்போய்க் கூட வந்தவன்மேல் பாய்ந்து அவன் இறந்துபோகிறான். நாட்டார் கூடி விசாரிக்கிறார்கள். இருவருக்கும் முன்பகை எதுவும் இல்லை, கை பிசகி நேர்ந்தது என்று தெளிகிறார்கள். எய்தவன் சாக வேண்டியதில்லை, ஆனால் செத்தவனுக்காகக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கக் கடவன் என்று விதிக்கிறார்கள். விளக்குக்கு நெய் வேண்டும், நெய்க்குக் கால்நடை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை விட்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்பது கணக்கு. வேறு கோயில்களில் தொகை சற்றுக் கூடியும் குறைந்தும் வரும். அந்த ஆடுகளைச் சாவாமல் மூவாமல் காக்க வேண்டும் என்பது கல்வெட்டு மரபு. கிழடானதற்குப் பதில் குட்டி சேர்த்து, தொகை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு பிழைக்காக ஒருவன் மட்டுமன்றி அவன் பேரனும் கொள்ளுப்பேரனும் உழக்கு நெய் அளந்துகொண்டிருப்பார்கள். ஒரு கணத்தின் கைப்பிசகுக்குச் சந்திராதித்தர் உள்ளவரை விளக்கு என்பது தண்டனையா, பிராயச்சித்தமா, நினைவா என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றும் ஒரே திரியில் எரிந்திருக்க வேண்டும். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், வரி கேட்டுக் கொடுமை செய்த அதிகாரியால் மனமுடைந்து நஞ்சுண்டு இறந்த ஒரு பெண்ணுக்காகவும் இவ்வாறே குற்றவாளியிடம் காசு வாங்கி விளக்கு வைத்திருக்கிறார்கள்.

கல்லும் விளக்கும் இறந்தவர்களுக்கு. இருக்கிறவர்களுக்கு வேண்டியது ஒப்பாரி. அதிலும் எங்கள் பிரதேசத்துக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் தேசத்தின் பல திக்குகளிலிருந்தும் திருநங்கையர் வந்து கூடுவார்கள். அந்நாட்களில் விழுப்புரத்து விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. பாரதப் போர் வெல்ல வேண்டுமென்று களப்பலியாகப் போகும் அரவானுக்கு அவர்கள் தாலி கட்டிக்கொண்டு ஓரிரவு மணமகளிராக இருந்து, மறுநாள் அவன் தலை வீழ்ந்தபின் தாலியறுத்து, வளையுடைத்து, பொட்டழித்து, வெள்ளையுடுத்து வாய்விட்டழுவார்கள். ஒருவனுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காலத்தில் கைம்மை பூணும் காட்சி உலகில் வேறெங்கும் இருப்பதாக நான் கேட்டதில்லை. அரவானைப் பற்றி எனக்கு ஒரு சொந்த மனக்குறையும் உண்டு. பலியாவதற்கு முன் அவன் கேட்ட வரம், வெட்டுண்ட தலையோடிருந்தாவது பதினெட்டு நாள் போரையும் முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்பது. எங்கள் வட்டாரத்து ஆடவர்க்கு இந்தப் பார்க்கும் பித்து எங்கிருந்து வந்தது என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவும் என் மனத்தில் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே கிடந்தன. அவற்றைச் சேர்த்தது, நான் ஆயுளில் விருப்பமின்றிப் பார்த்த ஒரு விளையாட்டு விழா. 2021 ஜூலை 23ஆம் தேதி மாலை, டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவைக் காண என் கணவர் காப்பியோடு அமர்ந்தார். திண்ணையில் மழைச்சாரல் அடித்ததனால் நானும் கூடத்தில் இருக்க நேர்ந்தது. கொள்ளைநோய்க் காலமாதலால் அந்தப் பெரிய மைதானத்தில் பார்வையாளர்களே இல்லை. நடுவில், இறந்தவர்களை நினைத்து எழுந்து மௌனமாக நிற்கும்படி அறிவித்தார்கள். முன்னொரு ஒலிம்பிக்கில் உயிர் நீத்த இஸ்ரேல் நாட்டவரைக் குறிப்பிட்டுச் சொன்னார்கள். என் கணவரும் காப்பியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். உட்கார்ந்த பிறகு, "இந்த மௌனத்துக்காக இரண்டு பெண்டாட்டிகள் நாற்பத்தொன்பது வருஷம் போராடினார்கள், தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. விளையாட்டைப் பற்றி அவர் சொன்னதை நான் முழுக்கக் கேட்டது அன்றுதான்.

1972 செப்டம்பர் 5ஆம் தேதி விடியற்காலையில், மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஒலிம்பிக் வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பில், கறுப்பு செப்டம்பர் என்ற பாலஸ்தீன இயக்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் ஆயுதங்களோடு புகுந்தார்கள். இஸ்ரேல் நாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் நடுவர்களுமாகிய பதினொருவரில் இருவர் தங்குமிடத்திலேயே கொல்லப்பட்டார்கள். ஏனைய ஒன்பதின்மரும் மீட்பு முயற்சி தவறிப்போக அன்று நள்ளிரவையொட்டி ஒரு விமானத்தளத்தில் மாண்டார்கள். ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவரும் உயிரிழந்தார். 34 மணி நேரம் ஆட்டங்கள் நின்றன. மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ஆட்டங்கள் தொடரும் என்று ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் அங்கேயே அறிவித்தார். தொடர்ந்தன; 11ஆம் தேதி முடிந்தன. நம்முடைய ஹாக்கி அணி வெண்கலம் வென்றது அந்த ஒலிம்பிக்கில்தான்.

இறந்தவர்களுக்கு உரியவர்கள் அந்நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அறிய நான் யூதர்களின் துக்க அனுஷ்டானங்களைத் தேடிப் படித்தேன். நம்முடைய பழைய தலைமுறைப் பெண்கள் கேட்டால் அந்நியமாகத் தோன்றாத விஷயங்கள் அவற்றில் பல. சவ அடக்கத்தைத் தாமதிக்கலாகாது. அடக்கம் முடிந்து வந்த வீட்டார் முதலில் உண்ணும் உணவு சொந்த அடுப்பில் சமைத்ததாக இருக்கக்கூடாது. அக்கம்பக்கத்தார் முட்டையும் பருப்பும் கொண்டுவந்து கொடுப்பார்கள். உடுத்த ஆடையைக் கிழித்துக்கொள்வார்கள். ஏழு நாள் தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பார்கள். அதற்கு ஷிவா என்று பெயர். முகக்கண்ணாடிகளைத் துணியால் மூடிவைப்பது பல வீடுகளில் வழக்கம். துக்கம் விசாரிக்க வருகிறவர் முகமன் கூறுவதில்லை. துக்கத்திலிருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நம் சாவு வீட்டிலும் வந்தவரை வா என்று யாரும் அழைப்பதில்லை, அவரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறார். ஏழுக்கு அப்பால் முப்பதாம் நாள்வரை ஒரு படி. தாய் தந்தையர்க்கானால் ஓராண்டு. பதினொரு மாதம் மகன் சொல்லும் கத்திஷ் என்ற பிரார்த்தனையில் மரணம் என்ற பேச்சே வராது, கடவுளின் மகிமை ஒன்றே வரும். அதைச் சொல்லப் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும், தனியே சொல்லலாகாது. வருஷாப்திகம் சந்திரனை ஒட்டிய அவர்களுடைய பஞ்சாங்கத்தின்படி, நாம் திதி பார்ப்பது போலவே வரும். அன்று அந்தியில் ஏற்றும் விளக்கு அல்லது மெழுகுவர்த்தி மறுநாள் அந்திவரை 24 மணி நேரம் அணையாமல் எரிய வேண்டும். கல்லறைக்குப் போகிறவர்கள் பூ வைப்பதைவிட, வந்து போனதற்கு அடையாளமாகச் சிறு கல்லொன்றை வைத்துவிட்டு வருவார்கள்.

கல்லும் விளக்கும் நாட்கணக்கும் அங்கேயும் இருந்தன. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் மரபு நம்முடையதற்கு நேர்மாறாக இருப்பதைக் கண்டு திகைத்தேன். நம் வீட்டில் சாவு விழுந்தால் அவ்வாண்டுத் தீபாவளியும் பொங்கலும் பங்காளிகள் வரைக்கும் நின்றுவிடுகின்றன. துக்கம் பண்டிகையை அடித்துவிடுகிறது. யூதர்களுக்கோ, ஏழு நாள் துக்கத்தின் நடுவே பெரும்பண்டிகை வந்துவிட்டால் எஞ்சிய நாட்கள் அத்தோடு ரத்தாகிவிடும். பண்டிகை துக்கத்தை அடித்துவிடுகிறது. சமூகத்தின் மகிழ்ச்சிக்கு முன் ஒரு வீட்டின் துயரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். 1972இல் நடந்ததும் அதுவே. மாண்டவர்களில் பத்துப் பேரின் உடல்கள் செப்டம்பர் 7ஆம் தேதி இஸ்ரேல் போய்ச் சேர்ந்தன. மறுநாள் அந்தியிலேயே யூதப் புத்தாண்டு பிறந்தது. ஏழு நாள் இருக்க வேண்டியவர்கள் இரண்டாம் நாளே எழுந்துவிட நேர்ந்தது.

ஆகையால் மரணம் நேர்ந்த பிறகும் ஆட்டம் தொடர்ந்தது என்பதை மட்டும் குற்றமாகக் கொள்ள எனக்கு இப்போது மனமில்லை. பண்டிகைக்காகத் துக்கத்தைச் சுருக்கிக்கொள்ளும் ஜனங்களே ஆண்டுதோறும் விளக்கேற்ற மறப்பதில்லை. முதலாவதற்கு அவர்கள் கொடுக்கும் விலை இரண்டாவது. ஒலிம்பிக் குழு முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. வாள்வீச்சுப் பயிற்சியாளர் ஆந்த்ரே ஸ்பிட்ஸரின் மனைவி அங்கி ஸ்பிட்ஸரும், பளுதூக்கும் வீரர் யோசெஃப் ரோமானோவின் மனைவி இலானா ரோமானோவும் ஒவ்வோர் ஒலிம்பிக்குக்கும் சென்று, தொடக்க விழாவில் ஒரு நிமிஷ மௌனம் வேண்டும் என்றே கேட்டார்கள். மியூனிக்கில் கணவர் இறந்தபோது அங்கிக்குக் கைக்குழந்தை. நாற்பதாம் ஆண்டான 2012இல் லண்டனிலும் மறுத்தார்கள். 2016இல் ரியோவில் வீரர்கள் குடியிருப்புக்குள் துக்கத்துக்கென ஓரிடம் அமைத்தார்கள். டோக்கியோவில்தான், ஆளில்லாத மைதானத்தில், அந்த மௌனம் கிடைத்தது.

என் கணவர் கட்சிக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பந்து பட்டு விழுந்து இரண்டு நாளில் இறந்த பிலிப் ஹியூஸ் என்ற இருபத்தைந்து வயது ஆஸ்திரேலிய வாலிபனுக்காக, உலகத்தின் பல பாகங்களிலும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் தங்கள் மட்டையை வாசலில் சாத்தி வைத்தார்கள் என்றும், அவன் எடுத்திருந்த 63 ஓட்டங்களை ஆட்டமிழக்காதவனுடைய ஓட்டங்களாகவே ஏட்டில் பதிந்தார்கள் என்றும் அவர் சொன்னார். திருநாதர்குன்றத்துப் பாறையில் எண்ணைப் பொறித்தவர்கள் அதனைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

யூதர்கள் நமக்குத் தூரத்து ஜனங்களும் அல்லர். ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை அளித்த செப்பேடு கொச்சி யூதர்களிடம் இருக்கிறது. பகலில் விளக்குப் பிடித்துச் செல்லும் உரிமை அவற்றுள் ஒன்று. அரசலாபுரத்துக் கல்லில் கருவாக இருந்த வட்டெழுத்து முதிர்ந்து, அந்தச் செப்பேட்டில் நிற்கிறது. கேரளத்துச் சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டு இறந்த சாரா என்ற பெண்ணின் ஹீப்ரு நடுகல், இந்தியாவிலுள்ள அவ்வகைக் கற்களில் மிகப் பழமையானது. சென்னைப் பட்டினத்தில் 1688இல் நகரசபை தொடங்கியபோது வைர வியாபாரம் செய்த யூதர் மூவர் ஆல்டர்மென்களாக இருந்தனர். அவ்வியாபாரிகளின் சந்ததி இன்று சென்னையில் அநேகமாக இல்லை. இடம் மாற்றிக் கொண்டுவந்து வைத்த கல்லறைகள் சில லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன.

செல்வமும் ஸ்தாபனங்களும் நிறைந்த உலக விளையாட்டுக் குழு, மாண்ட பதினொரு மனிதர்களுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்க 49 ஆண்டு எடுத்துக்கொண்டது; முகையூர் மேற்சேரியார் ஒரு சேவலுக்குக் கல் நட்டார்கள். இரண்டையும் எடைபோட்டால் எங்கள் ஜில்லாக்காரர்களே மேலான விளையாட்டுக்காரர்கள் என்று, விளையாட்டைச் சகியாத நானே சொல்லத் துணிகிறேன்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வயல் வரப்பிலோ, ஏரிக்கரையிலோ, வேப்பமரத்தடியிலோ உருவம் பொறித்த பலகைக்கல் சாய்ந்து கிடந்தால் அதைத் துணி துவைக்கவோ படிக்கட்டுக்கோ எடுத்துவிடாதீர்கள். பக்தி மேலீட்டால் அதன்மேல் எனாமல் பெயிண்டும் பூசாதீர்கள், எழுத்து மறைந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையினரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதில் இருப்பது மனிதனாக இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.